லிஸ்பனில் எட்டு மணிக்கு விடியவில்லை

எங்கள் தொழிற்சாலையின் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் பதினெட்டாவது விதி, மூன்றாவது உட்பிரிவு இப்படிச் சொல்கிறது: குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்புக்குத் தேவை என்று ஓர் ஆவணத்தைக் கேட்டு, அது வழக்கோடு தொடர்புடையதாகவும் இருந்தால், விசாரணை அதிகாரி அதை வைத்திருப்பவரிடமிருந்து வரவழைக்க வேண்டும். ‘வரவழைக்கலாம்’ அல்ல, ‘வேண்டும்’. இந்த வித்தியாசத்தை இருபத்தாறு ஆண்டுகள் பிறருக்கு விளக்கியவன் நான். அந்த விதி கட்டாயம் பயன்பட்டிருக்க வேண்டிய ஒரு சமயத்தில் அது பயன்படாமல் பார்த்துக்கொண்டவனும் நான்தான். அதை எழுத உட்கார்ந்தால், வெளிநாட்டுப் பயணப் பிரிவில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணிதான் முதலில் நினைவுக்கு வருகிறார்.

பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், எந்த ஆவணத்தைப் பார்த்து எழுதினீர்கள் என்று கேட்கக்கூடியவர்.

அவருடைய வேலை இதுதான். எங்கள் பொறியாளர்கள் இயந்திரங்களைப் பார்வையிட ஐரோப்பா போய்த் திரும்பியதும் டூர் டைரி எழுதித் தரவேண்டும்: எத்தனை மணிக்கு எந்த ஊரில் இருந்தேன், எத்தனை மணிக்கு விமானம் ஏறினேன், எங்கே என்ன பார்த்தேன். அது நடந்திருக்கக்கூடியதுதானா என்று சரிபார்த்து அவர் கையெழுத்திடுவார். மற்ற பிரிவுகளில் இந்தக் கையெழுத்து ஒரு சடங்கு. அவரிடம் அது விசாரணை. டைரியைப் படித்துக்கொண்டே வருவார். ஓரிடத்தில் பென்சில் நிற்கும். தலையை நிமிர்த்தாமல் “ஹௌதா?” என்பார். கன்னடத்தில் ‘அப்படியா’ என்று பொருள். மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்த தமிழர்களுக்குச் சந்தேகப்படக் கன்னடம்தான் வசதி போலிருக்கிறது. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும், ஜெர்மானியர்களோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டித் திரும்பிய ஆட்கள் நாற்காலியில் நெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

மேசைமேல் ஒரு பூகோள உருண்டை வைத்திருந்தார். அவென்யூ ரோட்டில் பள்ளிக்கூடச் சாமான் விற்கும் கடையில் வாங்கியது. பக்கத்தில் ஒரு வெள்ளை நூல்கண்டு. உருண்டையின் நடுக்கோட்டை ஒரு முறை நூலால் சுற்றி, பூமியின் சுற்றளவை அந்த நூலின் நீளத்தால் வகுத்து, ஒரு சென்டிமீட்டர் நூலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். சுவரில் இத்தனை பெரிய உலக வரைபடம் தொங்குகிறதே, அதில் அளந்தால் என்ன என்று ஒரு நாள் கேட்டேன்.

“தட்டையா இருக்கற காகிதத்துல போட்ட கோடு எல்லாம் பொய் சார். உருண்டையில இழுத்துப் பாருங்க, வேற வழியாப் போகும்.”

அளந்த தூரத்தை, விமானம் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் என்று வைத்து, எண்ணூறால் வகுப்பார். ஏறவும் இறங்கவும் அரை மணி கூட்டுவார். அதுதான் பறக்கும் நேரம். இந்தச் சூத்திரத்தில் மாட்டியவர்களில் ஒரு ஜெனரல் மேனேஜரும் உண்டு. காலை பத்தரை வரை ஸ்டாக்ஹோமில் ஒரு பட்டறையைப் பார்த்ததாகவும், அன்று பகல் ஒரு மணிக்கு மிலானில் இன்னொரு கம்பெனியாரோடு சாப்பிட்டதாகவும் எழுதியிருந்தார். இவர் நூலை எடுத்தார். ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். டைரியை எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனார்.

“சார், ஸ்டாக்ஹோம்ல இருந்து மிலானுக்கு ரெண்டு மணி முப்பத்தஞ்சு நிமிஷம் ஆகும். பட்டறைக்குள்ளயே பிளேன் வந்து ஏத்திக்கிச்சா?”

ஜெனரல் மேனேஜர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இரண்டு நாட்களை ஒன்றாகச் சேர்த்து எழுதிவிட்டதாகச் சொல்லித் திருத்திக் கொடுத்தார். இவருக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. பதவி உயர்வு மட்டும் வரவில்லை. அது வேறு காரணத்தால் என்று கோப்பில் இருக்கிறது.

நான் விஜிலென்ஸ் பிரிவு. சந்தேகப்படுவது எனக்குத் தொழில், அவருக்கு இயல்பு. தொழிலாகச் செய்கிறவனுக்கு இயல்பாகச் செய்கிறவர்மேல் ஒரு கண் இருக்கத்தான் செய்யும். ஒரு நாள் தாமதமாக வந்தேன். படிக்கட்டில் எதிரே வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம், முகத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார்.

“விவேக் நகர்ல சர்ச்சுக் கூட்டம் மேடம். பஸ் நகரவே இல்ல” என்றேன்.

“அந்தக் கூட்டம் வியாழக்கிழமை சார். இன்னிக்கு புதன்.”

அவ்வளவுதான். கீழே இறங்கிப் போய்விட்டார். அதன் பிறகு இரண்டு வருடம் நான் சரியான நேரத்துக்கு வந்தேன்.

அவருடைய சொந்தப் பயணங்கள் திருப்பதியைத் தாண்டியதில்லை. விமானத்தில் ஏறியதே இல்லை. ஐரோப்பாவில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஒரு தடவையாவது போய்ப் பார்க்கத் தோன்றவில்லையா என்று கேட்டதற்கு, “நான் போய்ட்டு வந்து எழுதினா, அத யாரு சார் செக் பண்றது?” என்றார். கேலிக்குச் சொல்லவில்லை.

அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு கட்டம் போட்ட தாள் இருந்தது. நாற்பத்திரண்டு ஊர்கள், ஒவ்வொன்றின் கடிகாரமும் நம்முடையதிலிருந்து எவ்வளவு பின்னால் என்ற விவரம், முத்து முத்தான கையெழுத்தில். விமானக் கம்பெனிகளின் நேரங்கள் எல்லாவற்றையும் தொகுத்து வெளிநாட்டிலிருந்து வரும் தலையணை போன்ற ஒரு புத்தகத்தைப் பார்த்து எழுதியது. 1991இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தபோது, நாட்டைக் காப்பாற்ற எங்கள் தொழிற்சாலை முதலில் செய்தது அந்தப் புத்தகத்துக்கான சந்தாவை நிறுத்தியது. நாடு பிழைத்துக்கொண்டது. சந்தாவைப் புதுப்பிக்க யாருக்கும் நினைவில்லை. தாள் மட்டும் கண்ணாடிக்கு அடியில் அப்படியே இருந்தது.

இனி அந்தப் பொறியாளர். ஆனேக்கல்லில் குடியிருந்தவர், முப்பத்தைந்து வயது, அதிகம் பேசாதவர். 1993 பிப்ரவரியில் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினோம். லிஸ்பனுக்குப் பக்கத்தில் ஒரு பீங்கான் ஆலையில் மூன்று நாள் வேலை. அதை முடித்துக்கொண்டு விமானத்தில் பிராங்க்பர்ட் போய், அங்கே ஒரு தொழிற்சாலையில் எங்களுக்காகத் தயாராக இருந்த பெரிய இயந்திரம் ஒன்றைப் பார்வையிட்டு, கப்பலில் ஏற்றலாம் என்று சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். போனார், கையெழுத்திட்டார், திரும்பினார். ஆகஸ்டில் இயந்திரம் வந்தது. பெட்டியைப் பிரித்தால் அடித்தளத்தில், பெயிண்டுக்கு அடியில், ஒரு முழ நீளத்துக்கு விரிசல்.

பார்த்துத்தான் கையெழுத்திட்டாரா, பார்க்காமலே இட்டாரா என்ற கேள்வி வந்தது. டைரியை மறுபடி எடுத்தார்கள். முதல் தடவை அந்த டைரியைச் சரிபார்த்தபோது பயணப் பிரிவுப் பெண்மணி விடுப்பில் இருந்தார், வேறொருவர் சடங்குக் கையெழுத்து போட்டிருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது இவர் நூலை எடுத்தார். லிஸ்பனிலிருந்து பிராங்க்பர்ட் ஆயிரத்து எண்ணூற்று எழுபது கிலோமீட்டர். எண்ணூறால் வகுத்து அரை மணி கூட்டினால் மூன்று மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. மூன்று என்றே வைத்துக்கொள்ளலாம். விமானச் சீட்டில் புறப்படும் நேரம் பகல் 1.00 என்று அச்சாகியிருந்தது. அந்தக் காலச் சீட்டுகளில் போய்ச் சேரும் நேரம் இருக்காது. இறங்கும்போது லிஸ்பனில் மணி நான்கு. கண்ணாடிக்கு அடியில் இருந்த தாளின்படி ஜெர்மனியின் கடிகாரம் லிஸ்பனுக்கு ஒரு மணி நேரம் முன்னால். ஆகவே பிராங்க்பர்ட்டில் மணி ஐந்து.

பார்வைச் சான்றிதழோடு அந்தத் தொழிற்சாலையின் வாசல் சீட்டு இணைக்கப்பட்டிருந்தது. இயந்திரம் நேரம் குத்திய சீட்டு. உள்ளே நுழைந்த நேரம்: மாலை 4.50.

விமான நிலையத்திலிருந்து அந்த இடத்துக்குக் காரில் அரை மணி. எங்கள் பொறியாளர், தன் விமானம் தரையைத் தொடுவதற்குப் பத்து நிமிடம் முன்பே தொழிற்சாலைக்குள் நுழைந்திருக்கிறார். விரிசல் விட்ட இயந்திரத்தை விற்றவர்கள் அன்பளிப்பாக ஒரு பொய்ச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள், பொறியாளர் லிஸ்பன் ஓட்டலில் உட்கார்ந்தபடியே கையெழுத்திட்டிருக்கிறார் என்பதுதான் என் முடிவு. குற்றச்சாட்டுக் குறிப்பாணையை நானே வரைந்தேன். நல்ல வரைவு. இப்போது படித்தாலும் ஒரு கமா மாற்றத் தோன்றவில்லை.

ஆனாலும் அந்தப் பெண்மணிமேல் எனக்கு ஓர் உறுத்தல் இருந்தது. இவ்வளவு சுலபமாக ஒருவரைச் சிக்கவைக்கிறவருக்கு உள்நோக்கம் இல்லாமல் இருக்குமா? அவருடைய பணிக்கோப்பை வரவழைத்துப் பார்த்தேன். பொறியாளரோடு உறவில்லை, பகையில்லை, ஒரே பிரிவில் வேலை பார்த்ததுகூட இல்லை. பழைய மேலதிகாரி ஒருவர் எழுதிய குறிப்பு மட்டும் கண்ணில் பட்டது: ‘எதையும் சந்தேகிக்கும் இயல்புடையவர். இப்பணிக்கு ஏற்றவர்.’ ஒன்றும் கிடைக்காததால் எனக்குச் சந்தேகம் அதிகமாயிற்று.

பொறியாளரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். எங்கள் விதிப்படி அப்படி நிறுத்தப்பட்டவர் தினமும் வந்து ஒரு பதிவேட்டில் கையெழுத்திட்டுப் போகவேண்டும். அந்தப் பதிவேடு இருந்தது பயணப் பிரிவில், இந்தப் பெண்மணியின் மேசையில். தன்னை மாட்டிவைத்தவர் முன்னாலேயே அவர் தினமும் குனிந்து கையெழுத்துப் போட்டார்.

“ஆனேக்கல்ல எத்தனை மணி பஸ்?” என்று இவர் கேட்பார்.

“ஏழே காலு மேடம்.”

கடிகாரத்தைப் பார்ப்பார். “ம்.”

இதைத் தவிர அவர்களுக்குள் வேறு பேச்சு நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. பொறியாளருக்கு அப்போது இரண்டு குழந்தைகள். வேலை போனால் அதே துறையில் வேறெங்கும் சேர முடியாது. பொய்ச் சான்றிதழ் தந்தவன் என்று எழுதி அனுப்புவோம். அது எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டு அறையில் அவர் உட்காரும் மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை.

1995 ஜூனில் விசாரணை. வெளியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஒருவர் விசாரணை அதிகாரி. சாப்பாட்டுக்குப் பின் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். குற்றச்சாட்டை முன்வைப்பவன் நான். இந்தப் பெண்மணி சாட்சி. உருண்டையையும் நூலையும் கொண்டுவந்து விளக்கினார். பிறகு பொறியாளர் குறுக்குக் கேள்வி கேட்டார். தானே எழுந்து நின்று.

“மேடம், கண்ணாடிக்கு அடியில இருக்கற உங்க டைம் டேபிள் எந்த வருஷம் எழுதினது?”

“தொண்ணூத்தொண்ணு.”

“நான் போனது தொண்ணூத்துமூணு. நான் நாலு மணிக்கு எறங்கிட்டேன் மேடம். ஏர்போர்ட் கடியாரத்துல பார்த்தேன். அந்த பிளைட் எத்தனை மணிக்கு எறங்குச்சுன்னு ஏர்லைன்ஸ்ல கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்க சார்.”

கடைசி வாக்கியம் விசாரணை அதிகாரிக்கு. பதினெட்டு, மூன்று. அவர் கேட்டது அந்த விதியை, எண் தெரியாமல். அந்த விமானக் கம்பெனியின் அலுவலகம் எங்கள் வாசலிலிருந்து ஆட்டோவில் இருபது நிமிடம். நான் எழுந்து ஆட்சேபித்தேன்.

“சார், இரண்டு வருஷத்தில் லிஸ்பன் இடம் மாறிவிட்டதா? ஊர் நகராது, கடிகாரமும் நகராது. இது காலம் கடத்தும் வேலை.”

விசாரணை அதிகாரி கண்ணைத் திறந்து சிரித்தார். சுருக்கெழுத்தரும் சிரித்தார். மனு நிராகரிக்கப்பட்டது. சிரிப்பைப் பதிவு செய்யும் வழக்கம் இல்லை என்பதால் நடவடிக்கைக் குறிப்பில் அது இல்லை.

கடைசியாகப் பொறியாளர் தன் வாக்குமூலத்தைச் சொன்னார். லிஸ்பனில் கடைசி நாள் காலை என்ன செய்தார், எப்போது எழுந்தார் என்று தேவையில்லாத விவரங்கள். நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

சாட்சி தன் பக்கங்களைப் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது முறை. இந்தப் பெண்மணிக்கு ஐந்து பக்கம். கோப்பை வாங்கிப் போனவர் மதியம் முழுக்கத் திருப்பித் தரவில்லை. அடுத்தவர் வாக்குமூலத்தைப் படிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. படிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. யாருக்காக என்ற கேள்வியும் கூடவே வந்தது.

மறுவாரம் என் அறைக்கு வந்தார், உருண்டையைக் கையில் பிடித்துக்கொண்டு. கதவைத் தானே சாத்தினார்.

“சார், முப்பத்தொண்ணாம் பக்கம் படிச்சீங்களா?”

“அது நீங்க படிக்க வேண்டிய பக்கம் இல்ல.”

“படிச்சுட்டேன். காலைல எட்டு மணிக்கு ஓட்டலுக்கு வெளிய வந்து நின்னாராம். இன்னும் இருட்டு. தெருவிளக்கு எரிஞ்சுட்டு இருந்துச்சாம். குளிர்காலம்னு நெனச்சேன்னு சொல்லியிருக்கார்.”

“குளிர்காலம்தானே. பிப்ரவரி.”

உருண்டையை என் மேசைமேல் வைத்து, மேசை விளக்கைப் போட்டு அதன் பக்கம் சாய்த்தார். “லிஸ்பன் எங்க இருக்கு பாருங்க. நம்ம ஸ்ரீநகருக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். துருவத்துல இல்ல. ரெண்டு நாளா இத வெச்சுக்கிட்டு சுத்திப் பார்க்கறேன். பிப்ரவரி மொதல் வாரத்துல அங்க ஏழே முக்காலுக்குள்ள சூரியன் வந்தாகணும். எட்டு மணிக்கு எப்படி சார் இருட்டா இருக்கும்?”

“அப்ப அதுவும் பொய்.”

“பொய் சொல்றவன் வெளிச்சத்த எதுக்கு சார் குறைக்கணும்? அதுல அவருக்கு என்ன லாபம்? அது தனக்கு உதவும்னுகூட அவருக்குத் தெரியல.” உருண்டையின் ஓரத்தில், கடலை ஒட்டி இருந்த அந்தப் புள்ளிமேல் விரல் வைத்தார். “சூரியன் லேட்டா வரல. கடிகாரம் ஒரு மணி முந்திப் போயிருக்கு. என் டேபிள் தப்பு. அவர் எறங்கினது அஞ்சுக்கு இல்ல, நாலுக்கு.”

இருபத்தாறு ஆண்டுப் பணியில், தான் கொடுத்த சாட்சியத்தைத் தானே சந்தேகித்து வந்த ஒரே சாட்சி அவர்தான். எனக்கு உடனே தோன்றியது என்ன தெரியுமா? பொறியாளர் வீட்டார் யாரோ இவரைப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். அதைக் கேட்டும் விட்டேன்.

“உங்கள யாராவது வந்து பார்த்தாங்களா மேடம்?”

அவர் கோபப்படவில்லை. சரியான கேள்விதான் என்பதுபோலத் தலையசைத்தார். “பதினாலு மாசமா தினம் அவர் வந்து கையெழுத்துப் போடறார். அவர் சொல்ற பஸ்ஸும் வந்து சேர்ற டைமும் ஒரு நாள்கூட இடிக்கல. பஸ் லேட்டானா லேட்டுன்னு சொல்வார். அதத் தவிர யாரும் என்னைப் பார்க்கல.”

அன்று மதியமே விமானக் கம்பெனி அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். நடப்பு ஆண்டு அட்டவணையைக் காட்டினார்களாம். லிஸ்பனிலும் பிராங்க்பர்ட்டிலும் ஒரே மணி. பழைய வருடத்துக்கு எழுத்தில் தர அந்தக் கவுண்டருக்கு அதிகாரம் இல்லை. மறுநாள் என்னிடம் சொன்னார்.

“அது தொண்ணூத்தஞ்சு. கேஸ் தொண்ணூத்துமூணு” என்றேன்.

“அன்னிக்கு, ரெண்டு வருஷத்துல கடிகாரம் நகராதுன்னு சொன்னீங்க. இன்னிக்கு நகரும்ங்கறீங்களா?”

நான் விதியைச் சொன்னேன். சாட்சியப் பதிவு முடிந்துவிட்டது. முடிந்தபின் சாட்சி தானாக மறுபடி வரமுடியாது. சாட்சியத்தை மாற்றினால் முன்பு சொன்னது பொய் என்று அவர்மேலேயே நடவடிக்கை எடுக்கலாம். 1993க்கு அந்த நாட்டிலிருந்து அதிகாரபூர்வமான ஒரு தாள் வந்தால் மேல்முறையீட்டில் வைக்கலாம், ஆனால் அதை உரிய வழியில் கேட்க வேண்டும்.

உரிய வழியில் கேட்டார். எங்கள் நிர்வாகப் பிரிவு வழியாக மேலே போன கடிதம் மூன்று மாதம் கழித்து ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது: ‘இத்தகவல் எந்நோக்கத்துக்காகத் தேவைப்படுகிறது?’ அக்டோபரில் விசாரணை அறிக்கை வந்தது. குற்றச்சாட்டு நிரூபணம்.

நவம்பரில் அவர் ஒரு குற்றம் செய்தார். பணியாளர் வெளிநாட்டு அலுவலகங்களோடு நேரடியாகக் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று நடத்தை விதி இருக்கிறது. பெரிய தபால் நிலையத்துக்குப் போய் பதிலுக்கான தபால் செலவை நாமே கட்டும் வெளிநாட்டுப் பதில் கூப்பன் ஒன்று வாங்கி, தன் பெயரில், அலுவலக முகவரியிட்டு, தானே தட்டச்சு செய்த கடிதத்தை அனுப்பினார். அதன் நகலைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். உறையில் என்ன முகவரி எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ‘சரியான நேரத்துக்குப் பொறுப்பான அதிகாரி அவர்களுக்கு, லிஸ்பன், போர்ச்சுகல்’ என்று எழுதியிருந்தார்.

“இத எதுக்கு என்கிட்ட கொடுக்கறீங்க? நான் ரிப்போர்ட் பண்ணணும்.”

“தெரியும் சார். நீங்க பண்றீங்களா இல்லையான்னு பார்க்கலாம்னுதான்.”

அந்த நகலை ஒரு கோப்பில் போட்டு, ‘கலந்து பேசியபின் வைக்கவும்’ என்று எழுதினேன். யாரோடு கலந்து பேச வேண்டும் என்று எழுதவில்லை. புகார் செய்யவேண்டியதைக் கிடப்பில் போட்டது நான் அறிந்தே செய்த முறைகேடு.

ஜனவரியில் ஒரு நினைவூட்டுக் கடிதமும் போட்டார். 1996 மார்ச் 2, சனிக்கிழமை, பணிநீக்க உத்தரவைப் பொறியாளர் கையில் கொடுத்தோம். அதைக் கொடுத்ததும் இவருடைய மேசையில்தான். அவர் படித்துவிட்டு, பழக்கத்தில், பதிவேட்டைத் திறந்து அன்றைய கையெழுத்தையும் போட்டார்.

“நாளையிலேர்ந்து இது வேண்டாம்” என்றார் இவர்.

“சரிங்க மேடம்.”

“மேல அப்பீல் இருக்கு. நாப்பத்தஞ்சு நாள். தினம் வந்து என்னைப் பாருங்க.”

“எதுக்கு மேடம்? நீங்கதானே...”

“ஆமா. நான்தான். அதனாலதான் வரச் சொல்றேன்.”

வந்தார். ஆனேக்கல்லிலிருந்து அதே ஏழே கால் பஸ். வேலையில்லாத ஆள், வாசலில் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வருவார். இவர் தபால் கட்டைப் பிரிப்பார். இல்லை என்று தலையசைப்பார். அவர் போய்விடுவார். உத்தரவு பெற்ற நாளை விட்டுவிட்டு எண்ணினால் நாற்பத்தைந்தாவது நாள் ஏப்ரல் 16. அதைத் தாண்டி ஒரு நாள் தாமதமானாலும் மனு ஏற்கப்படாது. அதற்கு முன்னுதாரணங்களை நானே பட்டியல் போட்டு வைத்திருந்தேன். ஏப்ரல் பத்தாம் தேதிக்குப் பிறகு நானும் காரணம் இல்லாமல் பயணப் பிரிவுப் பக்கம் போக ஆரம்பித்தேன். மேல்முறையீட்டு மனுவை நானே வரைந்து, இணைப்பு ஒன்று என்ற இடத்தைக் காலியாக விட்டு, தட்டச்சு செய்து வைத்திருந்தேன். குற்றச்சாட்டை வரைந்தவனே மேல்முறையீட்டையும் வரைவதற்கு எந்த விதி இடம் தருகிறது என்று கேட்காதீர்கள். தேடிப் பார்த்துவிட்டேன்.

கடைசி நாள், பகல் தபாலில், “மேடம், பாரின் லெட்டர் பந்திதெ” என்று, கடிதம் வந்திருப்பதைக் கன்னடத்தில் சொல்லி, அட்டெண்டர் ஓர் உறையை நீட்டினார். எங்கள் கடிதம் அங்கே மூன்று அலுவலகங்களுக்குச் சுற்றியிருக்கிறது. மூன்றின் முத்திரைகளோடும் அதன் உறையைக் கூடவே வைத்திருந்தார்கள். பதில் ஆங்கிலத்தில், நான்கு வரி. 1993 பிப்ரவரியில் எங்கள் நாட்டின் சட்டபூர்வமான நேரமும் ஜெர்மனியின் நேரமும் ஒன்றே. 1992 செப்டம்பர் இறுதியில் அவ்வாறு மாற்றிக்கொண்டோம். எனினும் கடந்த மார்ச் 31 முதல் பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டோம் என்பதையும் தங்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறோம்.

இவர் ஒரு முறை படித்தார். “ஹௌதா” என்றார். அந்தச் சொல்லை அவர் கேள்வியாக இல்லாமல் சொல்லி நான் கேட்டது அன்றுதான். பிறகு கடிதத்தைப் பொறியாளரிடம் கொடுத்தார். அவர் படித்துவிட்டு, நாற்காலியில் உட்காரலாமா என்று கேட்டார்.

“கடைசி வரி பார்த்தீங்களா சார்?” என்று என்னிடம் திரும்பினார் இவர். “ரெண்டு வாரமா என் டேபிள் மறுபடி சரி.” கண்ணாடியைத் தூக்கி, தாளை எடுத்து, லிஸ்பனுக்கு நேரே இரண்டு தேதிகளைப் பென்சிலால் எழுதி மறுபடி உள்ளே வைத்தார்.

அதற்குப் பின் நடந்தவற்றைச் சொல்ல அதிகம் இல்லை. மனு மாலை நான்கு மணிக்கு ஏற்கப்பட்டது. ஏழு மாதத்தில் உத்தரவு ரத்தாகி அவர் வேலைக்குத் திரும்பினார். விரிசல் எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்கு வேறு கோப்பு திறந்தார்கள். இரண்டு வருடம் கழித்து அவர் மறுபடி ஐரோப்பா போய்வந்தார். அந்த டூர் டைரியை இந்தப் பெண்மணி நூல் பிடித்துப் பார்த்து, இரண்டு கேள்விகளோடு திருப்பி அனுப்பினார்.

ஆனால் அன்று பகல், மனுவோடு இணைப்பதற்கு முன், கடிதத்தில் தபால் வந்ததற்கான முத்திரை வைக்கவேண்டும். வழக்கமாக வைக்கிறவர் சாப்பிடப் போயிருந்தார். நானே எடுத்துக் குத்தினேன். எங்கள் முத்திரையில் தேதி மட்டும்தான் விழும். இவர் அதைப் பார்த்தார், என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டார், மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தையும் பார்த்து, தேதிக்குக் கீழே நேரத்தையும், அது எந்த நாட்டு நேரம் என்பதையும் எழுதினார்: 16 ஏப்ரல் 1996, பகல் 12.20, இந்திய நேரம்.